நேரில் சரிபார்த்தல்

ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை நான் தேநீர் குடிப்பேன். ஆசைப்பட்டு அல்ல. போகிற வீட்டிலெல்லாம் கொடுப்பார்கள்; வேண்டாம் என்றால் மனம் நோவார்கள். சிலர் பிஸ்கட் வைப்பார்கள். சில வீடுகளில் அப்போதுதான் சுட்ட வடை வரும். எதையும் நான் மறுத்ததில்லை. சாப்பிட்டு, நன்றி சொல்லிவிட்டுத்தான் என் ஃபைலைத் திறப்பேன்.

இன்ஸ்பெக்டர், எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதித் தரலாம் என்றீர்கள். தமிழில் எழுதுகிறேன். மலாயும் ஆங்கிலமும் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்கள் பேசியதெல்லாம் தமிழ். ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுவது என் தொழில் பழக்கம்.

என் பெயர் ராதாகிருஷ்ணன். வயது நாற்பத்தேழு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தேன். இப்போதும் பிரிக்பீல்ட்ஸில்தான் குடியிருக்கிறேன். மனைவி ரமணி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினொரு வருடமாகச் சரிபார்ப்பு அதிகாரியாக இருந்தேன்.

எங்கள் கம்பெனி வயதானவர்களுக்கென்று மூன்று வருடத்துக்கு முன் ஒரு பாலிசி கொண்டுவந்தது. இருதய ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியவருக்கு அதில் இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று, வாரத்தில் மூன்று நாள் இருதயப் பயிற்சி. ஓடும் பட்டையில் மெல்ல நடக்க வைப்பார்கள், சைக்கிள் மிதிக்க வைப்பார்கள். பக்கத்தில் ஒருவர் நாடியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இன்னொன்று, பகலில் வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸ். பிறர் துணையில்லாமல் தன் காரியங்களைத் தானே செய்துகொள்ள இயலாத வரைக்கும் இரண்டும் தொடரும். இயலுமா, இயலாதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. என் குறிப்பில் ‘இயலும்’ என்று எழுதினால் நர்ஸும் நிற்பார், பயிற்சியும் நிற்கும்.

கல்நெஞ்சக்காரனின் வேலை என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஆயுசு முழுக்க எல்லார் வீட்டுக்கும் நர்ஸ் அனுப்ப எந்தக் கம்பெனியாலும் முடியாது. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். அதைக் கண் உள்ளவன் சொல்வது நல்லது.

எனக்குக் கண் உண்டு. ரவாங்கில் ஒரு அம்மா, கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று அழுதார். அவர் தலையில் இருந்த கொண்டையைப் பார்த்தேன். இறுக்கமாக, ஊசி குத்தி, நேர்த்தியாக இருந்தது. வீட்டில் வேறு பெண்கள் இல்லை. ‘இயலும்’ என்று எழுதினேன். பண்டமாரானில் ஒருவர் நடக்கவே முடியாது என்றார். அவருடைய செருப்பின் அடியில் ஈர மண் ஒட்டியிருந்தது. என்னை மேனேஜர் லிம் ‘எக்ஸ்ரே’ என்றுதான் கூப்பிடுவார். என் முடிவுகளை எதிர்த்துப் பலர் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். பதினொரு வருடத்தில், இந்த ஜூலை வரை, ஒன்றுகூட மாற்றப்படவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உங்களுக்குத் தேவைப்படும்.

இனி சோமசுந்தரம் செட்டியாரைப் பற்றிச் சொல்கிறேன்.

கிள்ளானில் முப்பது வருடம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அறுபத்தொன்பது வயது. இந்த வருடம் பிப்ரவரியில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். மனைவி மெய்யம்மை ஆச்சிக்கு அறுபத்து மூன்று. ஒரே மகள் கோமதி ஜொகூரில் இருக்கிறாள். கிள்ளானில் ஒரு மாடியில்லாத வரிசை வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். மார்ச் மாதத்திலிருந்து பவுனம்மாள் என்ற நர்ஸ் காலையில் வந்து மாலையில் போய்க்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மே மாதக் கடைசியில் நான் அங்கே போனேன். பவுனம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தார். ஆச்சி எனக்குத் தேநீரும் வெள்ளைப் பணியாரமும் கொடுத்தார். பணியாரம் மிக நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு வைத்தார்.

செட்டியார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். என் அப்பா யார், எந்த ஊர் என்று விசாரித்தார். ரயில்வேக்காரர் மகன் என்றதும், “அந்தக் காலத்துல பினாங்கிலருந்து சரக்கெல்லாம் உங்க அப்பா போட்ட தண்டவாளத்துலதான் தம்பி வந்துச்சு” என்றார். பேச்சில் மூச்சு வாங்கவில்லை. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. நல்ல உயரத்தில், என் தலைக்குச் சற்று மேலே. அன்றைய தேதி வரை கிழிக்கப்பட்டிருந்தது.

“காலண்டர யாரு ஐயா கிழிக்கிறது?” என்று கேட்டேன்.

“நான்தான். இப்ப நான் பாக்குற வேல அது ஒண்ணுதானே” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். செட்டியார் அவரைப் பார்த்தார். ஆச்சி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நெஞ்சு எலும்பை அறுத்துச் சேர்த்தவர் தலைக்கு மேல் கை தூக்குகிறார் என்றால், அவருக்கு நர்ஸ் எதற்கு? கிழித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரே தன் வாயால் சொல்லிவிட்டாரே. ‘இயலும்’ என்று எழுதினேன். ஜூன் முதல் தேதியோடு பவுனம்மாள் நின்றார். பயிற்சியும் நின்றது. அப்போது செட்டியார் அந்தப் பட்டையில் ஒரே மூச்சில் பன்னிரண்டு நிமிடம் நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆச்சி மேல்முறையீடு செய்தார். மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதம். கூடவே டாக்டரின் குறிப்பு. காலண்டரைக் கிழிப்பது ஆச்சிதான் என்று அதில் இருந்தது. கிழித்த தாளைச் செட்டியார் கையில் கொடுப்பாராம். அவர் அதைக் கசக்கிக் கூடையில் போடுவாராம். வந்த விருந்தாளி முன்னால், ஒன்றுக்கும் உதவாத ஆளாகிவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படிச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தது. நர்ஸ் நின்ற பிறகு ஆச்சியே அவரைக் குளியலறைக்குத் தாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதில் ஆச்சிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பயிற்சி இல்லாமல் செட்டியாருக்குக் கால் வீங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

ஜூலை கடைசியில் மேல்முறையீட்டுக் குழு என் முடிவை ரத்து செய்தது.

லிம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “எக்ஸ்ரே, இந்தத் தடவ ஃபிலிம் கெட்டுப் போச்சு லா” என்று சொல்லித் தோளில் தட்டினார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். வெளியே இருந்தவர்கள் காதில் அது விழுந்தது. யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

வீட்டில் ரமணியிடம் சொன்னேன். “ஒரு கேஸ் தானே, விடுங்க லா. பாவம், அந்தப் பெரியவருக்குக் கெடைச்சா கெடைச்சிட்டுப் போவுது” என்றாள். விட்டுவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குச் செட்டியார் மேல் கோபம் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கிருந்தது ஒரு சந்தேகம் மட்டும். அந்தக் குழுவில் இருந்த மூன்று பேரில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். கடிதத்தைப் படித்தவர் சொல்வது சரியா, ஆளைப் பார்த்தவன் சொல்வது சரியா? வண்டி ஓட்டும்போது, சாப்பிடும்போது, அடுத்த வீட்டில் தேநீர் குடிக்கும்போது அதுவே மனதில் ஓடியது. சில வீடுகளில் என் கேள்விக்கு வந்த பதிலைக் கவனிக்காமல் மறுபடி கேட்டேன். முன்பெல்லாம் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

குழு திரும்பக் கொடுத்த உதவிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பத்து வாரத்துக்குப் பிறகு மறு பரிசீலனை. அதில் ‘நேரில் சரிபார்த்தல்’ என்று ஒரு வரி உண்டு. அதை வீட்டில் செய்யலாம், அலுவலகத்திலும் செய்யலாம். எது என்று முடிவு செய்வது அதிகாரி. எழுந்து நடக்க முடியாதவர்களை யாரும் அலுவலகத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் கூப்பிடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அக்டோபர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதம் அனுப்பினேன். வராவிட்டால் உதவி வேண்டாம் என்று அவரே சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற வழக்கமான வரியும் இருந்தது.

ஆச்சி போன் செய்தார்.

“தம்பி, கடுதாசி வந்துச்சு. அவுகளால அவ்வளவு தூரம் வர முடியாதே. போன தடவ மாதிரி நீங்க வீட்டுக்கு வாங்களேன். பணியாரம் சுட்டு வைக்கிறேன்.”

“இந்தத் தடவ ஆபீஸ்லதான் ஆச்சி பாக்கணும். டாக்சி வாசல் வரைக்கும் வரும்.”

“எத்தனாவது மாடி?”

“நாலாவது. லிப்ட் இருக்கு ஆச்சி. கஷ்டமே இல்ல.”

“லிப்ட் இருக்கா? அப்ப சரி. பவுனம்மாளையும் கூட்டிக்கிட்டு வந்துர்றோம்.” போனை வைப்பதற்கு முன் சொன்னார்: “தம்பி, இந்தத் தடவ நல்லபடியா எழுதுங்க. எனக்காக இல்ல. நான் முதுக வளைக்க முடியாம கெடக்கிறத பாத்து அவுக ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறாக.”

பார்த்து எழுதுகிறேன் என்றேன். பார்க்கத்தான் போகிறேன் என்பதால் அது பொய் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். தேதி தற்செயலாக அமைந்தது என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது சரியல்ல. பயிற்சிக்கான சுற்றறிக்கை செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் தேதி போட்டேன். ஆள் இருந்தால் யாராவது ஒருவர் பாரத்தைக் கீழே கொண்டு போகிறேன் என்பார். நல்லவர்கள்.

பத்து மணிக்குச் சற்று முன் அவர்களுடைய டாக்சி வந்தது. அன்று லிப்ட் ஓடவில்லை. கீழே கதவில் பழுது என்று சொல்லும் ‘ரோசாக்’ அட்டை தொங்கியது. கட்டடத்தின் காவலர் சின்னையா எனக்கு மேலே போன் செய்தார்.

“சார், ஒரு பெரியவரு வந்திருக்காரு. ஒடம்புக்கு முடியாதவரு மாதிரி இருக்கு. லிப்ட் ரோசாக்கு. நீங்க கொஞ்சம் கீழ வர முடியுமா?”

“பாரமெல்லாம் இங்கதான் இருக்கு சின்னையா. மெதுவா ஏறி வரச் சொல்லுங்க. அவசரமே இல்ல.”

போனை வைத்துவிட்டு மாடிப்படி வாசலுக்கு வந்து நின்றேன். எங்கள் கட்டடத்தில் படிகள் நடுவில் ஒரு இடைவெளி விட்டுச் சுற்றிச் சுற்றி மேலே வரும். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து குனிந்தால் தரைத்தளம் வரை தெரியும். தெரிவது பெரும்பாலும் கைகள்தான். மாடிக்குப் பதினெட்டுப் படி. நாலு மாடிக்கு எழுபத்திரண்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பத்து மணி எட்டு நிமிடம்.

அவருடைய கை கம்பியைப் பிடித்தது. ஒரு படி. நிற்பார். அடுத்த படி. ஒரு பக்கம் ஆச்சி, மறு பக்கம் பவுனம்மாள். முதல் மாடியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள். உட்கார்ந்தார்.

பவுனம்மாள் மட்டும் மூச்சிரைக்க மேலே வந்தார். கோபத்தில் அவருக்கு வார்த்தை தடுமாறியது.

“சார், அவருக்கு உதடு நீலமா மாறுது. அந்தப் பாரத்த என்கிட்ட குடுங்க. கீழ கொண்டு போயி கையெழுத்து வாங்கிட்டு வரேன்.”

“அதிகாரி முன்னால போடணும்மா. ரூல் அப்படி.”

“அப்ப நீங்க வாங்க. மூணு மாடிதான்.”

“ஆபீஸ்ல வேற யாரும் இல்ல. விட்டுட்டு வர முடியாது.”

“சரி, வேற நாள் வரோம்.”

“இன்னிக்குத்தான் கடைசி நாள். வேணாம்னா தாராளமா திரும்பிப் போகலாம். யாரும் கட்டாயப்படுத்தல. நாளைலருந்து நர்ஸ் வர மாட்டாங்க, அவ்வளவுதான்.”

பவுனம்மாள், “நீங்கள்லாம் எப்படி சார் ராத்திரி தூங்குறீங்க” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். நான் நன்றாகவே தூங்குகிறவன்.

கீழே பேசியது எனக்குக் கேட்டது. படிக்கட்டில் குரல் நன்றாக மேலே ஏறும்.

பவுனம்மாள், “வேணாங்கய்யா, திரும்பிப் போயிரலாம். நான் சும்மாவே வந்து பாத்துக்கிறேன்” என்றார்.

ஆச்சியும், “எனக்கு ஒண்ணும் இல்ல. முதுகெல்லாம் சரியாயிருச்சு. வாங்க போவோம்” என்றார்.

செட்டியார் சொன்னார்: “பொய் சொல்லாத மெய்யம்மை. நேத்து நீ குனிய முடியாம சுவரப் புடிச்சிக்கிட்டு நின்னத நான் பாத்தேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு. இன்னும் மூணு மாடி. பட்டையில நடக்குற மாதிரி நெனச்சிக்கிட்டு ஏறுறேன்.”

எழுந்தார். கவனியுங்கள், அவரே எழுந்தார். யாரும் தூக்கிவிடவில்லை.

இரண்டாவது மாடியில் கம்பியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மாடிக்குப் போகும் படிகளில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்தார். அப்போது ஆச்சி அழ ஆரம்பித்துவிட்டார். சத்தம் போட்டு அழவில்லை. மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர் முகத்தை நிமிர்த்தினார். நான் கம்பியில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனாலும் சிரித்தார்.

“தம்பி, அங்கதான் நிக்கிறீங்களா? இதோ வந்துட்டேன்.”

காத்திருப்பவனைக் காக்க வைத்துவிட்டதுபோல் சொன்னார். நான் தலையசைத்தேன். இறங்கிப் போய்க் கை கொடுக்கலாம் என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை. கொடுத்தால் பிறர் துணையோடு ஏறியதாகிவிடும். சரிபார்த்தல் கெட்டுப்போகும். கடைசிப் பதினெட்டுப் படியில் அந்தப் பெண்கள் இருவரையும்கூட, “கொஞ்சம் விட்டுட்டு நில்லுங்க, அவரா வரட்டும்” என்று சொன்னேன். பவுனம்மாள் விடவில்லை. செட்டியார்தான் அவர் கையைத் தட்டிவிட்டு, “இரும்மா, பாக்கணுங்கிறாரு” என்றார்.

பத்து மணி முப்பத்தேழுக்கு மேலே வந்து சேர்ந்தார். இருபத்தொன்பது நிமிடம்.

நாற்காலி போட்டேன். பாரத்தை மேஜையில் வைத்தேன். பேனாவைப் பிடித்துத் தமிழில் முழுப் பெயரையும் எழுதினார். ‘சோ’வுக்குப் போட்ட கொம்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. மற்றபடி தெளிவான கையெழுத்து. பிறகு தண்ணீர் கேட்டார். ஒரு நிமிடம் ஐயா என்று சொல்லிவிட்டு என் பகுதியை முதலில் எழுதினேன். ‘நான்கு மாடி ஏறி வந்தார். கடைசி மாடி துணையின்றி. நேரம் 10.37.’ தேதி போட்டு, கையொப்பமிட்டு, முத்திரை குத்தினேன். தண்ணீர் கொண்டுவரத் திரும்பியபோது பவுனம்மாள் கத்தினார். செட்டியார் ஆச்சியின் மடியில் சாய்ந்திருந்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். அதை உங்கள் குறிப்பில் காணவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அப்போது அவருக்கு உயிர் இருந்தது. கண்கூடத் திறந்திருந்தது. பவுனம்மாள் மண்டியிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு நாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த இருவரும் லிப்ட் இல்லை என்றதும் மலாயில் ஏதோ திட்டினார்கள். ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பங்களில் திரும்பவில்லை. நாற்காலியோடு கட்டி, நிறுத்தி நிறுத்தி இறக்கினார்கள். கீழே போய்ச் சேரப் பதினான்கு நிமிடம் ஆனது. ஆச்சியால் வேகமாக இறங்க முடியவில்லை. அவருடைய கைப்பையை நான் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன் வண்டியிலேயே செட்டியாருக்கு உயிர் போய்விட்டது.

லிப்டைப் பற்றி இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

லிப்டில் எந்தப் பழுதும் இல்லை. அன்று காலை எட்டு மணிக்கு, சின்னையா பின்பக்கக் கதவைத் திறக்கப் போன நேரத்தில், அவர் மேஜை இழுப்பறையிலிருந்து லிப்ட் சாவியை எடுத்து நிறுத்தினேன். பழைய ‘ரோசாக்’ அட்டை அதே இழுப்பறையில் இருந்தது. அதை நான்தான் மாட்டினேன். லிப்டில் சத்தம் வருகிறது, ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் ஏற வேண்டாம் என்று திரும்பி வந்த சின்னையாவிடம் சொன்னேன். பதினொரு வருடமாகத் தெரிந்தவன் என்பதால் அவர் நம்பினார்.

செட்டியாரை நாற்காலியில் கட்டி இறக்கியபோது அந்தச் சாவி என் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. திருப்பியிருந்தால் அரை நிமிடத்தில் கீழே போயிருக்கலாம். இதை நான் அப்போதே யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லிப்ட் ஓடினால், அது ஏன் இவ்வளவு நேரம் ஓடவில்லை என்று கேட்பார்கள். கேட்டால், அவர் ஏறியதை யாரும் ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏதோ கெடுதல் செய்ததாக நினைப்பார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு அவர் ஏறியது வீணாகிவிடும்.

பத்து நிமிடம் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவர் சொல்லியிருப்பார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கிள்ளானுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். மகள் கோமதி ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆச்சி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழ முயன்று முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவுக கடைசியா சிரிச்சது உங்களப் பாத்துத்தான் தம்பி. அன்னிக்குப் பைய எல்லாம் தூக்கிக்கிட்டு வந்தீங்களே. நல்லா இருக்கணும் நீங்க.”

பவுனம்மாள் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சியின் கையை என் கையிலிருந்து எடுத்துவிட்டார். அவர்தான் அடுத்த நாள் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து சின்னையாவிடம் விசாரித்தது, லிப்ட் கம்பெனிக்குப் போன் செய்து, அன்று யாரும் பழுது பார்க்க வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை என்று தெரிந்துகொண்டது, உங்களிடம் வந்தது. சம்பளம் நின்றுபோன கோபம் என்று முதலில் நினைத்தேன். செப்டம்பர் முழுக்க செட்டியாரின் கால் வீக்கத்துக்காக அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சம்பளமில்லாமல் வந்துபோனதாக நீங்கள் சொன்ன பிறகு, வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றுகிறது.

ரமணி இப்போது ரவாங்கில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. லிம் ஒரு தடவை வந்தார். கண்ணாடியின் அந்தப் பக்கம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். எக்ஸ்ரே என்று கூப்பிடவில்லை.

நான் செய்ததை ஒளிக்கவில்லை. கடிதம் அனுப்பியது நான். தேதி குறித்தது நான். லிப்டை நிறுத்தியது நான், மேலே நின்று பார்த்தது நான், சாவியைப் பையில் வைத்துக்கொண்டது நான். இதற்கு என்ன பெயர் வைக்க வேண்டுமோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் நிரப்பிய பாரத்தை நீங்கள் சாட்சியமாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதன் ஒரு நகலாவது மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். ஃபைலில் என் முடிவு தவறு என்றே இன்னும் இருக்கிறது. எழுபத்திரண்டு படி ஏறியவரை இயலாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?